பகடைக் கூடைப்பந்தில் தகராறு வந்தால் யார் நடுவர்?

கேள்வி நீளம். மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நான்கு நண்பர்கள். பழைய என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) சீசன்களின் புள்ளிவிவரத்திலிருந்து ஆட்டக்காரர் அட்டைகளை நீங்களே தயாரித்து, இரண்டு பத்து முகப் பகடைகளை உருட்டி ஆடுகிறீர்கள். ஒன்று பத்துகளுக்கு, இன்னொன்று ஒன்றுகளுக்கு, ஆக 1 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கிறது. இப்போதைக்கு 1961-62, 1987-88, 1999-2000 சீசன் அணிகள் உங்களிடம் இருக்கின்றன. விதிப் புத்தகம் இரண்டு பக்கம்தான். அதில் எழுதாத இடங்களில் எல்லாம் சண்டை. ஷாட் போடும்போது ஃபவுல் ஆனால் என்ன கணக்கு, பிளாக்கை (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது) எப்போது உருட்டுவது, அஃபென்ஸிவ் ஃபவுல் (பந்து வைத்திருக்கும் அணி செய்யும் ஃபவுல்) டீம் ஃபவுலில் சேருமா, மைக்கேல் ஜோர்டனை வைத்து எத்தனை த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) வேண்டுமானாலும் போடலாமா, வில்ட் சேம்பர்லைனின் ரீபவுண்டு (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) எண்ணை ஷக்கோடு (ஷக்கீல் ஓ’நீல்) எப்படி ஒப்பிடுவது, ஓவர்டைம் எவ்வளவு நீளம், ஆள் தீர்ந்துபோனால் என்ன செய்வது.

தனித்தனியாகப் பதில் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். உங்கள் அட்டையில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் பாக்ஸ் ஸ்கோரிலிருந்து, அதாவது ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளிலிருந்து வந்தது. அதனால் விதி மௌனமாக இருக்கும்போது ‘எது நியாயம்’ என்று யோசிக்காதீர்கள். இதே சம்பவம் நிஜ ஆட்டத்தில் நடந்திருந்தால் ஸ்கோரர் மேசையில் இருப்பவர் தாளில் என்ன எழுதியிருப்பார் என்று மட்டும் கேளுங்கள். அவர் எழுதாத ஒன்றை நீங்கள் எழுதினால், அல்லது அவர் ஒருமுறை எழுதியதை நீங்கள் இரண்டு முறை எழுதினால், சீசன் முடிவில் உங்கள் ஜோர்டன் வேறு யாரோ ஒருவராக இருப்பார்.

முதலில் ஷூட்டிங் ஃபவுல். உங்கள் தகராறுகளில் பெரியது இதுதான், ஆட்டத்தை அதிகம் கெடுப்பதும் இதுதான். ஒருவர் ஷாட் போடும்போது ஃபவுல் வாங்கி, பந்து கூடைக்குள் விழாவிட்டால், அது ஷாட் முயற்சியாகக் கணக்கில் வராது. ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் போடும் ஒரு புள்ளி ஷாட்) மட்டும்தான் எழுதப்படும். ஃபவுலோடு பந்தும் விழுந்துவிட்டால் ஒரு முயற்சி, ஒரு கூடை, கூடவே ஒரு ஃப்ரீ த்ரோ. உங்கள் நண்பர் தவறிய ஷாட்டையும் முயற்சியாக எழுதுகிறார் என்கிறீர்கள். அதன் விளைவைப் பாருங்கள். 1987-88-ல் ஜோர்டன் 82 ஆட்டங்களில் 1,998 ஷாட் போட்டு 1,069 விழுத்தினார், அதாவது 53.5 சதவீதம். ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 24-க்கு 13. அதே சீசனில் 860 ஃப்ரீ த்ரோ, ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல். அப்படியானால் ஆட்டத்துக்கு நான்கைந்து முறையாவது ஷாட்டின்போது அடி வாங்கியிருப்பார். நண்பர் கணக்கில் அந்த ஐந்தும் தவறல்களாகச் சேர்ந்தால் 29-க்கு 13, அதாவது 45 சதவீதம்கூட இல்லை. லீக்கின் சிறந்த ஸ்கோரரை நடுத்தர ஷூட்டராக்க ஒரு சின்ன எழுத்துப் பிழை போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஃபவுல் ஆகி விழுந்தால் ஒன்றுக்கு ஒன்று, விழாவிட்டால் கணக்கே இல்லை. ஆகவே ஃபவுல் ஆன ஷாட்கள் எப்போதும் சதவீதத்தை மேலேதான் தூக்கும். அட்டையில் இருக்கும் 53.5-ல் அந்த ஊக்கம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதையே ஃபவுல் இல்லாத சாதாரண ஷாட்டுக்கும் பயன்படுத்தினால் சீசன் முடிவில் எண் கொஞ்சம் உப்பிவிடும். ஒரு மாதிரிக் கணக்கு: 100 ஷாட் போடுகிறார், அதில் 15-ல் ஃபவுல், அந்தப் பதினைந்தில் கால்பங்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸ் ஸ்கோரில் முயற்சிகள் 85-உம் 3.75-உம் சேர்ந்து 88.75. இதில் 53.5 சதவீதம் என்றால் 47.5 கூடை. ஃபவுலோடு விழுந்த 3.75-ஐக் கழித்தால் மீதி 85 ஷாட்டில் 43.7 விழ வேண்டும், அதாவது 51.4 சதவீதம். ஆக சாதாரண ஷாட்டுக்கு 1 முதல் 51 வரை விழுந்தால் கூடை என்று வையுங்கள், 53 வேண்டாம். 15, கால்பங்கு இரண்டும் நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம், வழி இதுதான். முதலில் ஃபவுலா என்று உருட்டுங்கள். ஃபவுல் என்றால் தாழ்ந்த எண்ணில் ஷாட்டை உருட்டுங்கள், இல்லையென்றால் திருத்திய எண்ணில்.

இரண்டாவது, பிளாக். நீங்கள் முதலில் பிளாக்கை உருட்டி, பிளாக் இல்லை என்றால்தான் ஷாட்டை உருட்டுகிறீர்கள். தப்பு. பிளாக் ஆன ஷாட்டும் பாக்ஸ் ஸ்கோரில் தவறிய முயற்சிதான். ஷூட்டரின் சதவீதத்தில் அது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 50 சதவீத ஷூட்டருக்கு முன்னால் 10 சதவீத பிளாக் சோதனையை வைத்தால் அவர் 45-க்கு இறங்கிவிடுவார், ஒரே தவறலுக்கு இரண்டு தண்டனை. ஷாட்டை முதலில் உருட்டுங்கள். தவறினால் மட்டும், ‘இது பிளாக்கா’ என்று இன்னொரு முறை உருட்டுங்கள். பிளாக் என்பது தவறலுக்கு ஒட்டும் சீட்டு மட்டுமே.

‘அப்படியென்றால் மார்க் ஈட்டன் களத்தில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதானா?’ என்று உங்களில் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். 1984-85-ல் 456 பிளாக் எடுத்த மனிதர் அவர். ஆனால் அவருடைய மதிப்பை பிளாக் எண்ணில் வைக்காதீர்கள், தற்காப்புத் திருத்தத்தில் வையுங்கள். ஈட்டன் உள்ளே நிற்கும்போது எதிரணியின் கூடைக்கருகிலான ஷாட் எல்லாவற்றுக்கும் மூன்றோ நான்கோ குறையுங்கள், பிளாக் ஆனாலும் ஆகாவிட்டாலும். அவரைப் பார்த்ததும் தயங்கி ஷாட்டை மாற்றிய ஆட்டக்காரனின் தவறலும் அந்தக் கழிவில் வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம். தற்காப்புத் திருத்தம் எல்லாமே கழிவாக இருக்கக்கூடாது. ஷூட்டரின் சதவீதம் லீக் முழுவதற்கும் எதிராக ஆடிச் சேர்த்தது, அதில் நல்ல தற்காப்பும் மோசமான தற்காப்பும் கலந்திருக்கிறது. ஆகவே ஈட்டனுக்குக் கழித்ததை எங்கோ ஒரு சோம்பேறி சென்டருக்கு (கூடைக்கருகில் ஆடுபவர்) கூட்டியாக வேண்டும். லீக் முழுவதும் கூட்டிப் பார்த்தால் பூஜ்யம் வர வேண்டும். வீட்டில் தயாரிக்கும் அட்டைகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். எல்லாருக்கும் தற்காப்பில் ‘மைனஸ்’ கொடுத்துவிட்டு, ஸ்கோர் ஏன் 70-ஐத் தாண்டவில்லை என்று தலையைச் சொறிவார்கள்.

ஸ்டீலுக்கும் அசிஸ்ட்டுக்கும் இதே வரிசைதான். முதலில் டர்ன்ஓவரா (பந்தை எதிரணியிடம் இழப்பது) என்று பந்து வைத்திருப்பவரின் அட்டையில் பாருங்கள். டர்ன்ஓவர் என்றால் பிறகு அது யாராவது திருடியதா என்று பாருங்கள். எல்லா ஸ்டீலும் ஒரு டர்ன்ஓவர், ஆனால் எல்லா டர்ன்ஓவரும் ஸ்டீல் அல்ல. டிராவலிங்கும் (பந்தைத் தட்டாமல் நடப்பது), கோட்டுக்கு வெளியே போன பாஸும் யாருடைய ஸ்டீலும் இல்லை. ஷாட் போடாமல் 24 விநாடி தாண்டினால் அணியின் கணக்கில் டர்ன்ஓவர், எந்த ஆட்டக்காரர் பெயரிலும் ஏறாது. அசிஸ்ட், அதாவது கூடைக்கு வழிசெய்த பாஸ், கூடை விழுந்த பிறகுதான். ஃபவுல் வாங்கி ஃப்ரீ த்ரோவில் புள்ளி எடுத்தால் என்.பி.ஏ.-வில் பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் கிடையாது. ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) கணக்கில் ஒரு ஃப்ரீ த்ரோவாவது விழுந்தால் கிடைக்கும். உலகக் கோப்பை அணிகளுக்கு அட்டை போடும் எண்ணம் இருந்தால் இது உதவும்.

ரீபவுண்டு பற்றி ஒரு வரி: இரண்டு ஃப்ரீ த்ரோவில் முதலாவது தவறினால் ரீபவுண்டு உருட்டாதீர்கள், பந்து செத்துவிட்டது. கடைசி ஃப்ரீ த்ரோ தவறினால்தான் உருட்ட வேண்டும்.

அப்புறம் அஃபென்ஸிவ் ஃபவுல். உங்கள் ஆட்டம் நின்றுபோனதே இதில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். என்.பி.ஏ.-வில் அது அந்த ஆட்டக்காரரின் ஆறு பர்சனல் ஃபவுலில் (ஆறு ஆனால் வெளியேற வேண்டும்) ஒன்றாகச் சேரும், டர்ன்ஓவராகவும் சேரும், டீம் ஃபவுலில் மட்டும் சேராது. ஆகவே சார்ஜ் (அஃபென்ஸிவ் ஃபவுலில் ஒரு வகை) வாங்கியதால் எதிரணி பெனால்ட்டிக்குள் வந்துவிட்டது என்று வாதாடியவர் தோற்றார். பெனால்ட்டி கணக்கும் இதோ: ஒரு குவார்ட்டரில் ஐந்தாவது டீம் ஃபவுலிலிருந்து ஃப்ரீ த்ரோ. நான்கை எட்டாமல் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிட்டால், அந்த இரண்டு நிமிடத்தில் முதல் ஃபவுல் சும்மா, இரண்டாவதிலிருந்து ஃப்ரீ த்ரோ. ஓவர்டைமில் நான்காவது ஃபவுலிலிருந்து.

1970-களின் அணிகளைச் சேர்க்கப்போவதாகச் சொல்கிறீர்கள். அப்போது பெனால்ட்டிக்குள் ஷூட்டிங் ஃபவுல் வாங்கியவருக்கு இரண்டு விழுத்த மூன்று வாய்ப்பு இருந்தது. 1981-82-ல்தான் அதை எடுத்தார்கள். அதைச் சேர்க்காவிட்டால் அந்தக் கால அணிகளின் ஃப்ரீ த்ரோ எண்ணிக்கை சரியாக வராது. 60 சதவீதம் போடுபவருக்கு சாதாரண இரண்டில் சராசரியாக 1.2 புள்ளி. மூன்று வாய்ப்பு கொடுத்து இரண்டு விழுந்ததும் நிறுத்தினால் 1.58. சென்டர்களுக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

ஜோர்டனும் த்ரீயும். 1987-88-ல் அவர் சீசன் முழுவதும் போட்ட த்ரீ 53, விழுந்தது 7. உங்கள் விதிப்படி ஆட்டுவிப்பவர் எந்த ஷாட் என்று தேர்ந்தெடுக்கலாம் என்பதால், 13 சதவீத ஷாட்டை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், இந்தச் சீசனில் பிரச்சினை வராது. சண்டை வருவது 1996-97 அட்டையும் தயாரித்தால்தான். அதில் 297-க்கு 111, அதாவது 37 சதவீதம். ஒரு த்ரீக்குச் சராசரி 1.12 புள்ளி என்று கணக்குப் போட்டு ஆட்டத்துக்கு இருபது த்ரீ போடுவார் உங்கள் நண்பர். இதற்குத் தீர்வு சதவீதத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. அவர் நிஜத்தில் எத்தனை முறை போட்டாரோ அதையும் அட்டையில் எழுதுங்கள். ஷாட் யாருக்கு என்று தீர்மானிக்கும் உருட்டலிலேயே த்ரீயா, டூவா என்பதும் வந்துவிடட்டும். அந்த 37 சதவீதத்துக்கு இன்னொரு பின்னணியும் உண்டு. 1994-95 முதல் 1996-97 வரை மூன்று சீசன் த்ரீ கோடு எல்லா இடத்திலும் 22 அடிக்கு இழுக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்னும் பின்னும் கூடைக்கு நேர் எதிரே 23 அடி 9 அங்குலம், மூலையில் மட்டும் 22 அடி. அந்த அட்டையை 1987-88 அணிக்கு எதிராக இறக்கினால் எந்தக் கோட்டில் ஆடுகிறீர்கள் என்று முதலிலேயே பேசி முடியுங்கள். 1961-62-க்குப் பேச்சே இல்லை. த்ரீ கோடு வந்ததே 1979-80-ல்தான். அந்தச் சீசனில் ஆடிய ஜெர்ரி வெஸ்ட்டுக்கு நிச்சயம் விழுந்திருக்கும் என்று ஆளாளுக்கு ஊகித்து அட்டை எழுதினால் அது ரசிகர் மன்ற அட்டை.

இப்போது வில்ட். எனக்குப் பிடித்த கேள்வி இது. 1961-62-ல் வில்ட் சேம்பர்லைன் ஆட்டத்துக்கு 25.7 ரீபவுண்டு. 1999-2000-ல் ஷக்கீல் ஓ’நீல் 13.6. இந்த எண்களை அப்படியே மோதவிட்டால் ஷக் பாவம், பந்தைத் தொடவே மாட்டார். ஆனால் 1961-62-ல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சுமார் 108 ஷாட் போட்டது, 43 சதவீதம்தான் விழுந்தது. இரண்டு அணியும் சேர்ந்து ஏறத்தாழ 123 தவறல். 1999-2000-ல் 82 ஷாட், 45 சதவீதம், இரண்டு அணியும் சேர்ந்து 90 தவறல். வில்ட் அநேகமாக வெளியே உட்காரவே இல்லை. ஷக் 48-க்கு 40 நிமிடம் ஆடினார், அதாவது அவர் களத்தில் இருந்தபோது விழாதது சுமார் 75. ஆக நூறு தவறலுக்கு வில்ட் 21 எடுத்தார், ஷக் 18. ஃப்ரீ த்ரோ தவறல்களைச் சேர்க்காத தோராயக் கணக்குதான். ஆனால் இரு மடங்கு என்று தெரிந்த வித்தியாசம் எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள். அட்டையில் ஆட்டத்துக்கு எத்தனை என்று எழுதாதீர்கள், கிடைத்த வாய்ப்பில் எத்தனை பங்கு என்று எழுதுங்கள். வெவ்வேறு காலத்து அணிகள் மோதுவதற்கு வேறு வழியே இல்லை.

1961-62 சீசனுக்கு அஃபென்ஸிவ், டிஃபென்ஸிவ் ரீபவுண்டு தனித்தனியாக எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது, எழுதப்படவே இல்லை. அந்தப் பிரிவும் ஸ்டீலும் பிளாக்கும் என்.பி.ஏ.-வில் 1973-74-லிருந்துதான். ஆட்டக்காரர் வாரியாக டர்ன்ஓவர் 1977-78-லிருந்து. ஆஸ்கர் ராபர்ட்சனின் ஆட்டத்துக்கு 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்டு, 11.4 அசிஸ்ட் கொண்ட சீசனுக்கு அவர் எத்தனை முறை பந்தை இழந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய பொசிஷனுக்கு லீக் சராசரி என ஒன்றை நீங்களே வகுத்து எல்லா கார்டுகளுக்கும் ஒரே மாதிரி போடுங்கள். பிடித்த ஆளுக்கு மட்டும் குறைப்பது கூடாது.

‘யாரும் 42 நிமிடத்துக்கு மேல் ஆடக்கூடாது’ என்ற உங்கள் களைப்பு விதி வில்ட்டிடம் உடைந்துபோகிறது. 1961-62-ல் அவர் 80 ஆட்டத்தில் 3,882 நிமிடம், சராசரி 48.5. ஆட்டமே 48 நிமிடம்தான், மீதி ஓவர்டைம். பொது வரம்பு வேண்டாம். அவரவர் அட்டையில் அவரவர் நிஜ நிமிடத்தை எழுதி, அதற்கு மேல் நான்கைந்து நிமிடம் சலுகை கொடுங்கள். தாண்டினால் ஷாட்டில் ஐந்து கழியுங்கள்.

1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அவர் எடுத்த 100 புள்ளி உங்கள் ஆட்டத்தில் வருமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்று 63-க்கு 36 ஷாட், 32-க்கு 28 ஃப்ரீ த்ரோ. ஷாட் சதவீதம் அவருக்குப் புதிதல்ல, ஃப்ரீ த்ரோதான் அதிசயம். சீசனில் 61 சதவீதம் போட்டவர், 32-ல் 28 அல்லது அதற்கு மேல் விழுத்த வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. உருட்டிக்கொண்டே இருங்கள்.

ஃப்ரீ த்ரோவில் பலவீனமான ஷக்கை வேண்டுமென்றே ஃபவுல் செய்யும் உத்தியைத் தடை செய்யலாமா என்கிறீர்கள். வேண்டாம், கணக்கே அதைக் கட்டுப்படுத்தும். 1999-2000-ல் அவர் 824-க்கு 432, அதாவது 52.4 சதவீதம், இரண்டு ஃப்ரீ த்ரோவுக்கு 1.05 புள்ளி. லீக்கில் ஒரு போசஷனின் (பந்து ஓர் அணியிடம் இருக்கும் ஒரு முறை) சராசரி 1.04 புள்ளி. ஆக ஃபவுல் செய்பவருக்கு லாபம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதற்குள் பெஞ்சில் இருப்பவர்களின் ஃபவுல் கரைந்துவிடும், தவறிய கடைசி ஃப்ரீ த்ரோவை ஷக் அணியே எடுக்கவும் வாய்ப்புண்டு. நான்காவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து இல்லாத ஆளை வேண்டுமென்றே ஃபவுல் செய்தால் ஒரு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும் அதே அணிக்கு. அந்த ஒரு ஃப்ரீ த்ரோவைக் களத்தில் இருக்கும் யாரும் போடலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். 2016-17 முதல் இது எல்லாக் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் வந்துவிட்டது, உங்கள் சீசனுக்கு அது பொருந்தாது.

ஓவர்டைம் ஐந்து நிமிடம். நீங்கள் கடிகாரம் இல்லாமல் போசஷன் எண்ணி ஆடுவதால், 48 நிமிடத்துக்கு அணிக்கு 100 என்று வைத்திருந்தால் ஓவர்டைமுக்கு அணிக்குப் பத்து. பர்சனல் ஃபவுல் தொடரும், புதிதாகத் தொடங்காது.

கடைசியாக, ஆள் தீர்ந்துபோனால். எட்டுப் பேர் கொண்ட அணியில் நான்கு பேர் ஆறு ஃபவுலோடு வெளியேறினால் நான்கு பேரோடு ஆட வேண்டுமா என்ற கேள்வி. என்.பி.ஏ.-வில் அணி ஐந்துக்குக் கீழே போகவே போகாது. மாற்று ஆள் இல்லாதபோது ஆறாவது ஃபவுல் செய்தவர் களத்திலேயே இருப்பார், எதிரணிக்கு ஒரு டெக்னிக்கல் ஃப்ரீ த்ரோ கூடுதலாகக் கிடைக்கும். 2014 பிப்ரவரி 5 அன்று கிளீவ்லாந்தில் லேக்கர்ஸ் அணிக்கு இது நிஜமாகவே நடந்தது. காயங்களால் பெஞ்ச் காலியாகி, ராபர்ட் சாக்ரே ஆறாவது ஃபவுலுக்குப் பிறகும் ஆடினார். ஏற்கெனவே ஃபவுலில் வெளியேறியிருந்த கிறிஸ் காமன் வெறும் நாற்காலிகளின் மேல் நீட்டிப் படுத்துக்கொண்டார். லேக்கர்ஸ் 119-108 என ஜெயித்தும்விட்டது. ஆகவே உங்கள் ஆட்டத்திலும் ஐந்தாவது ஆள் இருப்பார், அவருடைய ஒவ்வொரு கூடுதல் ஃபவுலுக்கும் ஒரு டெக்னிக்கல் உருட்டுங்கள். ஃபிபா விதியில் ஆடினால் மட்டும் ஐந்து ஃபவுலில் வெளியே, மாற்று ஆள் இல்லையென்றால் நான்கு பேரோடு தொடர வேண்டும்.